அசைந்தவற்றை நீக்குதல்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், கூட்டிப் பெருக்குகிற வேலை என்றுதான் சொல்வேன். என் கணவருக்கு அது பிடிக்காது. இவ்வளவு படித்துவிட்டு இப்படிச் சொல்லிக்கொள்கிறாளே என்று முகத்தைச் சுளிப்பார். ஆனால் பொய்யில்லை. பழைய கட்டடங்களைக் கணினித் திரையில் அச்சு அசலாக எழுப்புகிற எங்கள் தொழிலில், எழுப்புவதைக் கருவியே செய்துவிடுகிறது. எங்களுக்கு மிஞ்சுவது துடைப்பமும் முறமும்தான்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே எனக்கு உடம்பெல்லாம் களைப்பு. அங்கங்கே சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் துடைப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. முக்காலியின் மேல் ஒரு ஸ்கேனரை வைப்போம். அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு எல்லாத் திசையிலும் லேசர் ஒளியை வீசும். ஒளி எதில் பட்டுத் திரும்புகிறதோ அந்த இடத்துக்குத் திரையில் ஒரு புள்ளி விழும். இப்படிக் கோடிக்கணக்கில் புள்ளிகள் சேர்ந்தால் சுவரும் தூணும் கூரையும் கண் முன்னால் நிற்கும். ஓரிடத்திலிருந்து பார்த்தால் தூணின் முதுகு தெரியாது என்பதால் முக்காலியை இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துவோம். குப்பை சேர்வது இங்கேதான். முதல் ஸ்கேனில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா அடுத்ததில் பறந்து போயிருக்கும். யாராவது குறுக்கே நடந்திருப்பார்கள். திரைச்சீலை ஆடியிருக்கும். இப்படி இரண்டு ஸ்கேனிலும் ஒரே இடத்தில் இல்லாததையெல்லாம் மென்பொருள் சிவப்பாகக் காட்டும். அசையாமல் நின்றதைச் சாம்பல் நிறத்தில் காட்டும். சாம்பல் என்றால் கட்டடம், சிவப்பு என்றால் குப்பை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே இதுதான். "நின்னது நம்மளோடது, நகர்ந்தது குப்பை. யோசிக்காம அழிங்க" என்பேன்.

அந்தப் பழைய நூலகத்துக்கு நான் முதன்முதலில் போனது நிலநடுக்கத்துக்குப் பல வருடங்களுக்கு முன்பு. கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்கக் கட்டடத்தின் கணினி மாதிரி வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒழுகல் ஒரு மழைக்காலத்தில் சரியாகிவிட்டது. நான்தான் விடவில்லை. ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன்.

நீங்கள் அந்த வாசிப்புக் கூடத்தை நல்ல நிலையில் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. வட்டமான கூடம். சுற்றிலும் தூண்கள், அவற்றின் தலையில் செங்கல்லால் கட்டிய பெரிய குவிமாடம். கூரையும் தூண்களும் சந்திக்கிற இடத்தில் கூடத்தைச் சுற்றி ஒரு கல் பட்டை ஓடும். அதில் முழுக்க இலைகள் செதுக்கியிருப்பார்கள். ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது. ஒன்றின் நுனி வளைந்திருக்கும், ஒன்றைப் பூச்சி தின்றிருக்கும், ஒன்று காய்ந்து சுருண்டிருக்கும். கழுத்தை ஒடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் யாருக்காக இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று முதல் நாள் நினைத்துக்கொண்டே நின்றேன். அந்தக் கூரையை நான் நேசித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் வீட்டில் சொந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் பிடிக்க வருடக்கணக்கில் தட்டிக்கழித்தவள் என்று என் கணவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அதுவும் உண்மைதான்.

நூலகத்தின் கதவுகளைத் திறந்து மூடுகிறவர் ஒருவர் இருந்தார். இடுப்பில் பெரிய கொத்து தொங்கும் என்பதால் எல்லோரும் அவரைச் சாவி என்றே கூப்பிடுவார்கள். ஓய்வு பெறுகிற வயது நெருங்கியவர், மனைவி இல்லை, ஒரே மகள். எல்லோருக்கும் முன்னால் வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மேசைகளைத் துடைத்துவிட்டு, எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருப்பார். நல்ல மனிதர். ஆனால் ஓரிடத்தில் நிற்க மாட்டார். கருவி சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குக் குறுக்கே போகிற வேலை வரும்.

"மேடம், நேத்து நான் நடுவுல போனேனே, பதிஞ்சிருக்கேனா?"

"பதிஞ்சிருக்கீங்க. பாதி உடம்பு, ஒன்றரைக் கால்."

"அப்புறம்?"

"அழிச்சிட்டேன்."

"அடப் பாவமே. காலையில டீ வாங்கிக் குடுத்தவனை அழிக்க எப்படித்தான் மனசு வருதோ."

இது எங்களுக்குள் வாடிக்கையாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் வணக்கத்துக்குப் பதிலாக "இன்னிக்கு அழிச்சாச்சா?" என்று கேட்பார். ஒருநாள் மட்டும் கொஞ்சம் நிஜமாகவே கேட்டார். "ஒரு தடவை என்னையும் ஒரு ஓரமா விட்டு வைங்களேன் மேடம். எத்தனை வருஷமா இதுக்குள்ளயே சுத்துறேன். பொண்ணு வந்து பாத்தா, அப்பா இங்கதான் நின்னாருன்னு தெரியட்டுமே."

"அசையாம நின்னா விட்டு வைக்கலாம். அசையலைன்னா மிஷின் உங்களையும் தூண்னு நெனச்சுக்கும்" என்றேன்.

"அது நம்ம ஜாதகத்துலயே இல்ல. உக்காந்தா கூட எனக்குக் கால் ஆடும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொன்றும் சொன்னார். அதை நீங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மழை நாளில் கூரையில் ஈரம் படர்ந்திருந்தது. இருவரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "இந்தக் கூரைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உயிரோடயே இருக்க மாட்டேன் மேடம்" என்றார். அவர் வாயாலேயே சொன்னது. நான் சொல்ல வைக்கவில்லை.

நிலம் நடுங்கியது காலையில், நூலகம் திறக்கிற நேரத்துக்குச் சற்று முன்பு. நான் அலுவலகப் படியில் இருந்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது மட்டும் நினைவிருக்கிறது. நடுக்கம் நின்றதும் கணவர் போன் செய்தார். "வீடு நிக்குது, நானும் நிக்கிறேன், டிவிதான் விழுந்துடுச்சு. நீ எங்க இருக்க?" என்றார். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குத்தான் ஓடினேன். வீட்டுக்கு மறுநாள்தான் போனேன். அதை அவர் இன்றுவரை சொல்லிக் காட்டவில்லை.

கூரை நின்றுகொண்டிருந்தது. தெருமுனையில் திரும்பியதும் அதைப் பார்த்தேன். நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். கிழக்குப் பக்கத்து நடைக்கூடம் மட்டும் அப்படியே அமர்ந்து பெரிய கற்குவியலாகக் கிடந்தது. அந்தப் பக்கத் தூண் ஒன்று வெளிப்புறமாகச் சாய்ந்து, அந்தக் குவியலின் மேலேயே முட்டுக்கொடுத்து நின்றது. கல் பட்டையில் ஒரு துண்டு உடைந்து, இலைகளோடு கீழே சிதறியிருந்தது.

மீட்புக் குழுவின் தலைவர் எனக்கு முன்பே வந்திருந்தார். புருவமெல்லாம் புழுதி. குவியலைச் சுற்றி நின்று அவருடைய ஆட்கள் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், பதில் வரவில்லை. உள்ளே யாரும் இருந்தார்களா என்பதும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சாவியைக் காணோம் என்று ஒருவர் சொன்னார். அவரை டீக்கடையில் பார்த்தேனே என்று இன்னொருவர் சொன்னார். ஊர் முழுக்க அன்று இப்படித்தான் இருந்தது. மோப்ப நாய் வேறெங்கோ இருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்கவில்லை. என் சட்டையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்தார்.

"மேடம், உங்க மிஷினை வெச்சு எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. இந்தக் குவியலுக்குள்ள ஆள் இருக்குற மாதிரி பொந்து ஏதாவது இருக்கா, இல்ல எல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கா?"

"இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அந்தத் தூணுக்குக் கீழ என் பசங்களை அனுப்ப மாட்டேன். கம்பி கட்டிக் கூரையை அந்தப் பக்கமா இழுத்துச் சாய்ச்சிட்டு, இந்தப் பக்கம் தோண்டுவேன்."

"இல்லைன்னா?"

"தொடவே மாட்டேன். கீழ் தெருவுல அடுக்குமாடி ஒண்ணு உக்காந்துடுச்சு. அங்க இன்னும் சத்தம் கேக்குது. அங்க போயிடுவேன். சீக்கிரம் சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் என்னிடம்தான் இருந்தது. குவியலைச் சுற்றி முக்காலியை வைத்து எடுத்தேன். இரண்டு பெரிய பலகைக் கற்களுக்கு நடுவே ஒரு பிளவு தெரிந்தது. குனிந்து பார்த்தால் இருட்டுதான். லேசருக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. வழக்கம்போல அந்தப் பிளவுக்கு நேராகக் கருவியை ஒருமுறை வைத்தேன், கொஞ்சம் தள்ளி இன்னொருமுறை வைத்தேன். பிறகு எங்கள் வேனில் உட்கார்ந்து இரண்டையும் பொருத்தினேன்.

பொந்து இருந்தது. நடைக்கூடத்து வாசிப்பு மேசை ஒன்று உடையாமல் நின்று ஒரு பலகைக் கல்லைத் தாங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சாம்பல் நிறம். மேசைக்கு அடியில் மட்டும் ஒரு கைப்பிடி அளவு சிவப்பு. திரைச்சீலைத் துண்டாக இருக்கும் என்று நினைத்துப் பெரிதாக்கினேன். முதல் ஸ்கேனில் ஐந்து விரல்கள் மேசைக் காலைப் பற்றியிருந்தன. இரண்டாவதில் அதே விரல்கள் பிரிந்து, உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது. பக்கத்தில் தரையில் ஒரு சிறிய குவியல், அசையாதது, சாம்பல் நிறம். சாவிக்கொத்து.

யோசிக்காமல் அழிப்பது என் பழக்கம், அந்தக் களேபரத்தில் பழக்கதோஷத்தில் அழித்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். என் வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொல்கிறார். அவர் தொழில் அவருக்கு. நான் யோசித்தேன். வேனில் யாரோ கொடுத்த டீ கையில் ஆறிப்போகிற வரைக்கும் யோசித்தேன். ஜன்னல் வழியே கூரை தெரிந்தது. இவர்கள் கம்பியைக் கட்டி இழுத்தால் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். கணினியில் எத்தனையோ முறை விழவைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் இலைகள் உதிரும்.

இந்த மனிதருக்கு எவ்வளவு அடிபட்டிருக்கிறதோ, தோண்டி எடுக்கும்வரை தாங்குவாரோ மாட்டாரோ. கீழ் தெருவில் பலர் இருக்கிறார்கள், இங்கே ஒருவர். இப்படியெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே பக்கம்தான் சாய்ந்தன. அவருமே இந்தக் கூரை போனால் உயிரோடு இருக்க மாட்டேன் என்றவர். அவரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. கேட்கிற நிலைமை இருக்கவில்லை.

சிவப்பைத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். அது ஒரு பொத்தான்தான்.

ஆனால் பொந்து அப்படியே இருந்தது. வெறும் பொந்து என்றாலும் அவர் தோண்டத்தான் செய்வார். அதனால் குவியலின் வேறொரு பகுதியை நகலெடுத்து, கொஞ்சம் திருப்பி, பொந்துக்குள் வைத்து அடைத்தேன். கருவிக்குத் தெரியாத இடங்களை இப்படி ஒட்டுப்போடுவது எங்கள் தொழிலில் நடக்கிறதுதான். அதற்கு வேறு நிறம் கொடுத்து, இது ஊகம் என்று காட்ட வேண்டும் என்பது விதி. நான் சாம்பல் நிறம் கொடுத்தேன்.

நான் செய்த தவறு அங்கேதான் நடந்தது. எந்தக் கல்லை வேண்டுமானாலும் நகலெடுத்திருக்கலாம். வெறும் செங்கல் குவியல் எவ்வளவோ கிடந்தது. எனக்கு மட்டமான ஒட்டுப்போட மனசு வரவில்லை. மிகத் தெளிவாகப் பதிந்திருந்த பகுதியாகப் பார்த்து எடுத்தேன். அதில் பட்டையிலிருந்து விழுந்த ஒரு துண்டு இருந்தது, நுனி உடைந்த ஒரு இலையோடு. களைப்பில் அது கண்ணில் படவில்லை. கைத்தொழிலில் பெருமை பார்க்கிறவர்களுக்கு வருகிற கேடு இது.

"எல்லாம் அடைச்சிருக்கு" என்று தலைவரிடம் திரையைக் காட்டினேன். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "ரொம்ப நன்றி மேடம். எங்களுக்கு நேரம் மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஆட்களைத் திரட்டிக்கொண்டு கீழ் தெருவுக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அந்த அடுக்குமாடியிலிருந்து ஒரு தாயையும் கைக்குழந்தையையும் உயிரோடு எடுத்தார்கள். அந்தக் குழந்தையின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நேற்று நான் சொன்னபோது உங்கள் முகம் மாறியது. பிறகு ஆற அமர யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் காலையில் நான் போனபோது கயிறு கட்டிய இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்ன மருந்துப் பை.

"நீங்கதானே ஸ்கேன் மேடம்? அப்பா உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு."

சாவியின் மகள். அப்பாவின் மூக்கு அவளுக்கு.

"அப்பா வீட்டுக்கு வரலை ஆன்ட்டி. பிரஷர் மாத்திரை போடாம இருக்காரு. ஒரு நாள் விட்டாலே தலை சுத்தும் அவருக்கு. உங்க மிஷின்ல ஏதாவது தெரியுதா?"

"இல்லம்மா. அங்க எல்லாமே கல்லுதான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன்."

அவள் அழவில்லை. அப்படியென்றால் அவர் வேறெங்கோ இருக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரிகூட இருந்தது. மருத்துவமனையில் தேடினாயா என்று கேட்டேன். பஸ் ஓடவில்லை என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் காரிலேயே கூட்டிப்போனேன். வார்டு வார்டாக இருவரும் நடந்தோம். கட்டுப்போட்ட முகங்களை அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். சில இடங்களில் அவளால் முடியாதபோது நான் குனிந்து பார்த்து இல்லை என்று சொன்னேன். மாத்திரைப் பையை ஒரு நர்ஸிடம் கொடுத்து, அப்பா வந்தால் கொடுங்கள் என்று எழுதி ஒட்டச் சொன்னாள். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கையில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்தப் பெண்ணுக்கு என்னால் முடிந்ததைச் செய்தேன். அவளுக்காக நான் வருத்தப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சாய்ந்த தூண் மேலும் சாய்கிறதா என்று தினமும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. முக்காலியை முதல் நாள் வைத்த அதே இடங்களில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. அதனால் பிளவுக்கு நேராகவும் வைத்தேன். மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் எடுத்ததில் தூண் அசையவில்லை. கை அசைந்திருந்தது. சாவிக்கொத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். அதற்கு மறுநாளும் சிவப்பு இருந்தது, குறைவாக. கொத்தைக் கல்லில் தட்டியிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. ஜெனரேட்டர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். சொன்னால், முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்றுதானே முதலில் கேட்பீர்கள். அதோடு கூரையையும் இழுத்துவிடுவார்கள். முதல் நாள் எடுத்த முடிவுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். எனக்கு அப்படித்தான் பட்டது. வீட்டுக்குப் போனேன், குளித்தேன், சாப்பிட்டேன். "கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு, ரெண்டு நாள் லீவு போடேன்" என்றார் கணவர். தூண் என்ன ஆகிறதென்று யார் பார்ப்பது என்றேன். "கல்லுக்கு வலிக்குமோன்னு பாக்குறவ நீ" என்று தலையைத் தடவினார். அன்றும் நன்றாகத் தூங்கினேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தூணுக்கு இரும்புச் சட்டம் கட்டினார்கள். கூரை பிழைத்தது. குவியலை மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, எது எங்கிருந்து விழுந்ததோ அதே இடத்தில் திரும்ப வைக்கிற வேலை தொடங்கியது. செதுக்கிய கல் ஒவ்வொன்றுக்கும் மாதிரியிலேயே எண் விழுந்துவிடும். அந்த எண்ணை வைத்து மேஸ்திரி தரையில் கல்லை அடையாளம் பிடிப்பார். ஒருநாள் அவர் எங்கள் அலுவலகத்துக்கே சலித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது, இல்லாத கல்லுக்கு எண் குடுத்தா நான் எங்க போய்த் தேடுறது? நுனி உடைஞ்ச இலை ஒண்ணு, எடுத்து வெச்சாச்சு. இன்னொண்ணும் இருக்குதுன்னு உங்க படம் சொல்லுது. ரெண்டு நாளா நாயா அலையறேன்."

எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் பையனை நாங்கள் கண்ணாடி என்போம். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். "குடுங்கண்ணே, பாக்கறேன்" என்று அவன் இரண்டு கற்களையும் திரையில் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்தான். ஒரு புள்ளி பிசகாமல் பொருந்தியது. அந்தப் பட்டையில் ஒரு இலை போல இன்னொரு இலை இருக்காது என்று அவனுக்கும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் முதல் நாள் மூலப் பதிவைத் திறந்தான். மூலப் பதிவில் எதையும் நீக்க மாட்டோம், நீக்குவதெல்லாம் நகலில்தான். அதுவும் விதி. அந்த விதியை நான் மீறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் நாற்காலியைத் திருப்பினான்.

"அக்கா, இந்த ஒட்டுக்கு அடியில சிவப்பா இருந்திருக்கே. என்ன அது?"

"குப்பை" என்றேன்.

"விரல் இருக்குக்கா" என்றான். எழுந்து வெளியே போனான். யாருக்குப் போன் செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இனி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம் என்று கொஞ்சம் உடம்பு லேசானது.

நேற்று நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன். அவர் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முதல் நாளே தெரியும். அசைந்ததால்தானே சிவப்பு. அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்தேன், தெரிந்தேதான் ஒவ்வொரு நாளும் சிவப்பை நீக்கிவிட்டு அறிக்கை அனுப்பினேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. கண்ணாடியையோ மீட்புக் குழுத் தலைவரையோ தொந்தரவு செய்யாதீர்கள்.

ஆனால் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நான் கடைசியாகச் சிவப்பை நீக்கியதற்கு அடுத்த நாள் பதிவை யாரும் திறந்து பார்த்த மாதிரி தெரியவில்லை. திறந்து பாருங்கள். அன்று காலை முக்காலியை இரண்டு இடத்திலும் வைத்து எடுத்துப் பொருத்தியபோது திரையில் சிவப்பே இல்லை. மேசை, பலகைக் கல், சாவிக்கொத்து, கை எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. உறுதி செய்துகொள்ள இன்னொரு முறையும் எடுத்தேன். அப்படியேதான் இருந்தது. நீக்குவதற்கு எதுவும் இல்லாததால் நான் எதையும் நீக்கவில்லை. அன்றைய மாதிரியில் ஒட்டும் போடவில்லை, தனியாக என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அவர் மகள் கேட்டால் அதைக் காட்டுங்கள். ஒரு ஓரமாக, ரேகைகூட எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறார், தலைக்கு மேல் அந்தக் கூரையோடு. அவர் ஆசைப்பட்டுக் கேட்டதை நான் செய்துகொடுத்துவிட்டேன் என்பதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.